மூலப்படி எது? எளிய உரைக் குறிப்பு அச்சுப் பக்கமாகும் வழி

தமிழ்ப் பதிப்புலகம் ஈய எழுத்துகளை விட்டுக் கணினிக்கு மாறிய 1990களில் பெரும்பாலான புத்தகங்களுக்கு மூலப்படியாக நின்றது பேஜ்மேக்கர் கோப்பு. ஆசிரியர் கையால் எழுதிக் கொடுத்ததை டிடிபி மையத்தில் ஒருவர் தட்டச்சு செய்வார். மெய்ப்பு பார்த்துத் திருத்துவார்கள். கடைசிப் படியை டிரேசிங் தாளில் எடுத்துப் பிளேட் போடக் கொடுப்பார்கள். கையெழுத்துப் படி அத்துடன் பழைய காகிதக் கட்டில் சேர்ந்துவிடும். கோப்பு மட்டும் எஞ்சும். ஆனால் அந்தக் கோப்புக்குள் இருந்தது தமிழ் உரை என்று சொல்ல முடியாது. லத்தீன் எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துருக்களால் அதை அடித்திருந்தார்கள். எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வரிசை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற லத்தீன் எழுத்துகளும் குறிகளுமே தெரியும். பேஜ்மேக்கரும் 7ஆம் பதிப்போடு நின்றுபோனது. அப்படி அச்சான நூலுக்கு இன்று மறுபதிப்பு வேண்டுமென்றால், பழைய எழுத்துருவையும் பழைய மென்பொருளையும் தேடிப் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அச்சுப் புத்தகத்தைப் பார்த்து முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும்.

அதே பத்தாண்டில் இன்னொரு வழியும் நடந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னுரையாக்கியது. அதன் தொடக்ககால உரைகள் திஸ்கி என்ற குறியேற்றத்தில் இருந்தன. எழுத்து வடிவங்களை அடிப்படையாகக் கொண்ட 8 பிட் முறைதான் அதுவும். ஆனால் எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்ற அட்டவணை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உரையும் எந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குள்ளும் பூட்டப்படாமல் வெறும் உரையாகவே கிடந்தது. அதனால் யூனிகோட் பரவியபோது ஒரு சிறு நிரல் அவற்றை மாற்றிவிட்டது. ஒரு தலைமுறையின் இரண்டு உழைப்புகளில் ஒன்று எளிதாகக் கரை சேர்ந்தது. இன்னொன்றை ஒவ்வொரு நூலாக மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. உரை ஓரிடத்திலும் அதன் அச்சுத் தோற்றம் வேறிடத்திலும் இருக்க வேண்டும், தோற்றத்தை உரையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி உண்டாக்க முடிய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இந்த அனுபவத்தால்தான். எழுத்தாளருக்கும் ஆய்வாளருக்கும் சிறு பதிப்பகத்துக்கும் இது இன்று கைக்கெட்டிய வழி.

இந்த எண்ணத்துக்கு அறுபது வயது கடந்துவிட்டது. 1964இல் எம்ஐடியில் ஆய்வு மாணவராக இருந்த ஜெரோம் சால்ட்சர், பலர் பகிர்ந்து பயன்படுத்திய பெருங்கணினியில் ரன்ஆஃப் என்ற நிரலை எழுதினார். உரைக் கோப்பில் ஒரு வரி புள்ளியோடு தொடங்கினால் அது கட்டளை. மற்ற வரிகள் உரை. பத்தி விடு, நடுவில் வை, பக்கம் மாற்று என்பன போன்ற கட்டளைகளைப் படித்து, வரிகளை நிரவி, பக்க எண்ணிட்டு அச்சிட்டுத் தந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் இயக்குதளம் வளர்ந்த கதையிலும் இந்த வேலைக்குப் பங்குண்டு. புதிய கணினி கேட்டபோது அதை எழுதிய குழு முன்வைத்த காரணமே உரையைச் செம்மையாக்கி அச்சிடும் கருவி ஒன்றை உருவாக்கித் தருகிறோம் என்பதுதான். அதன் முதல் பயனாளர்கள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுத் தட்டச்சர்கள். 1973 வாக்கில் ஜோ ஒசானா எழுதிய டிராஃப், ஒளியச்சுக் கோப்பு இயந்திரத்தையே நேராக இயக்கியது.

டொனால்டு நூத் டெக் எழுதிய கதை பலருக்கும் தெரிந்தது. தம் பெருநூலின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு வந்தபோது, புதிய ஒளியச்சு முறையில் வந்த மெய்ப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. 1977இல் தாமே ஒரு அச்சுக்கோப்பு நிரல் எழுத உட்கார்ந்தார்; சில மாதங்களில் முடியும் என்று எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. அவர் செய்த இன்னொரு முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். 1990இல், டெக்கில் இனிப் புதிய வசதி எதுவும் சேராது, பிழைத் திருத்தம் மட்டுமே நடக்கும் என்று அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்தின் போதும் அதன் பதிப்பெண்ணில் பையின் மதிப்பில் ஓரிலக்கம் கூடுகிறது. 2021இல் அது 3.141592653 ஆனது. அன்று எழுதிய கோப்பு, அதே எழுத்துருக்கள் இருந்தால், இன்றும் அதே இடத்தில் வரி முறிந்து அதே பக்கமாக அச்சாக வேண்டும் என்பது அவருடைய குறிக்கோள். மென்பொருள் உலகில் நாற்பது ஆண்டு நிலைத்தன்மை அரிது. நூல்கள் அதைவிட நீண்ட காலம் வாழ வேண்டியவை.

டெக்குக்கும் அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டிய லேடெக்குக்கும் ஒரு குறை உண்டு. மூலக் கோப்பு முழுக்கக் கட்டளைகள். கணக்கும் அறிவியலும் எழுதுவோர் பழகிக்கொண்டார்கள், மற்றவர்கள் மிரண்டார்கள். மறுபுறம், மின்னஞ்சல் எழுதியவர்கள் யாரும் சொல்லித்தராமலே ஒரு பழக்கத்தை வளர்த்திருந்தார்கள். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லின் இருபுறமும் உடுக்குறி, பட்டியலுக்கு வரித் தொடக்கத்தில் சிறுகோடு, பத்திக்குப் பத்தி ஒரு வெற்றுவரி. 2004இல் ஜான் குரூபர், ஆரன் ஸ்வார்ட்சின் துணையோடு வெளியிட்ட மார்க்டவுன் இந்தப் பழக்கத்தையே விதியாக்கியது. எந்த நிரலும் தொடாத நிலையிலும் மூலக் கோப்பை மனிதர் இயல்பாகப் படிக்க முடிய வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். அதற்கு ஓராண்டு முன், ஆம்ஸ்டர்டாமில் வானியலாளராக இருந்த கார்ஸ்டன் டொமினிக் தம் குறிப்புகளை ஒழுங்குசெய்ய ஆர்க் மோடைத் தொடங்கியிருந்தார். இரண்டிலும் எழுதுபவர் கற்க வேண்டியது ஒரு பிற்பகலுக்குள் அடங்கும்.

ஒரு சிறு குறிப்பை எடுத்துக்கொள்வோம்.

# சங்கு குளித்தல்

மன்னார் வளைகுடாவில் சங்கு எடுப்போர் *மூச்சடக்கி* இறங்குவர்.[^1]

[^1]: சங்கின் அளவைப் பொறுத்து விலை மாறும்.

தலைப்புக்கு முன் ஒரு குறி, அழுத்தத்துக்கு உடுக்குறி, அடிக்குறிப்புக்குப் பகர அடைப்பு. இதைச் செல்பேசியில் எழுதலாம், எந்த உரைத் திருத்தியிலும் திறக்கலாம். இதை அச்சுப் பக்கமாக்க இன்று பலரும் நம்புவது பான்டாக் என்ற நிரலை. 2006இல் அதை எழுதத் தொடங்கிய ஜான் மக்ஃபார்லேன், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். மேலே உள்ள வரிகளை அது நேராக வேர்டு கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றுவதில்லை. முதலில் உரையைப் படித்து ஒரு கிளை மரமாக்குகிறது: முதல் நிலைத் தலைப்பு ஒன்று, அதன்பின் ஒரு பத்தி, பத்திக்குள் சில சொற்கள், அழுத்தம் பெற்ற ஒரு சொல், பத்தியின் முடிவில் தொங்கும் ஒரு குறிப்பு. எழுத்தின் அளவு, விளிம்பு, வண்ணம் எதுவும் அந்த மரத்தில் இல்லை. எது தலைப்பு, எது குறிப்பு என்பது மட்டுமே இருக்கிறது. பிறகு அந்த மரத்தை லேடெக்காகவோ வேர்டாகவோ எச்டிஎம்எல்லாகவோ இபப்பாகவோ எழுதித் தருகிறது. புதிய உள்வடிவம் ஒன்றைப் படிக்கக் கற்றால் எல்லா வெளிவடிவங்களும் அதற்குக் கிடைத்துவிடுகின்றன. 2023இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டிப்ஸ்ட் என்ற ஜெர்மானிய அச்சுக்கோப்பு நிரலும் அதே ஆண்டிலேயே பான்டாக்கின் வெளிவடிவப் பட்டியலில் சேர்ந்தது.

ஒரே உரையிலிருந்து பல வடிவங்கள் எடுப்பது தமிழ் வாசகர்களுக்கும் பழக்கமானது. 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்இபுக்ஸ் ஒரு நூலைக் கிண்டிலுக்கு, செல்பேசிக்கு, ஏ4 தாளுக்கு, 6 அங்குலத் திரைக்கு என்று தனித்தனி வடிவங்களில் கொடுத்து வந்திருக்கிறது. பேருந்தில் படிப்பவருக்கும் வீட்டில் அச்செடுத்துப் படிக்கும் பெரியவருக்கும் நூல் ஒன்றே, பக்கம் வேறு. மூலத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் நான்கு வடிவங்களும் திருந்த வேண்டும். கையால் நான்கு முறை திருத்தும் இடத்தில் நான்காவது முறை எப்போதும் விட்டுப்போகும்.

இனித் தமிழுக்கே உரிய சிக்கல்களுக்கு வருகிறேன். முதல்முறை பான்டாக்கில் தமிழ்க் குறிப்பைக் கொடுத்துப் பிடிஎஃப் கேட்பவருக்குப் பெரும்பாலும் பிடிஎஃப் கிடைப்பதில்லை. அது இயல்பாக அழைக்கும் பழைய லேடெக் இயந்திரம், இந்த யூனிகோட் எழுத்து எனக்குத் தெரியாது என்று நின்றுவிடும். அதை விட்டு ஸீடெக் என்ற இயந்திரத்துக்கு மாறினால் பிடிஎஃப் வரும். ஆனால் பக்கத்தில் எண்களும் நிறுத்தற்குறிகளும் மட்டும் நிற்கும், தமிழ் எழுத்து ஒன்றுகூட இருக்காது. இயல்பான எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாததே காரணம். நிரல் அதை ஓர் எச்சரிக்கை வரியாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. இந்த இடத்தில் பலர் முயற்சியைக் கைவிட்டு வேர்டுக்குத் திரும்புகிறார்கள். கோப்பின் தலையில் மூன்று சிறுகோடுகளுக்கு இடையே, முதன்மை எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ் என்று ஒரு வரி எழுதினால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒரு வரியில் தீர்வது யாரும் சொல்லித்தராததால் பெரிய சுவராகத் தெரிவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஸீடெக் ஏன் வேண்டும் என்றால், தமிழ் எழுத்து வரிசையாக அடுக்கினால் மட்டும் வந்துவிடுவதில்லை. ‘கொடி’ என்ற சொல்லைப் பாருங்கள். கோப்பில் முதலில் ககரம் இருக்கிறது. யூனிகோட் எண் 2965. அதன்பின் ஒகரத்தின் உயிர்க்குறி, 3018. ‘கொ’வுக்கு இரண்டே எண்கள். தாளிலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். ஓர் உயிர்க்குறியை இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் வைக்கும் இந்த வேலையை எழுத்துருவும் வடிவமைக்கும் நிரல்பகுதியும் சேர்ந்து செய்கின்றன. ஜொனதன் கியூ 2004இல் வெளியிட்ட ஸீடெக், கணினியில் உள்ள யூனிகோட் எழுத்துருக்களை டெக்குக்குத் திறந்துவிட்டது. 2013இல் அது இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல்பகுதியிடம் ஒப்படைத்தது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் நம் திரையில் தமிழ் காட்டப் பயன்படுத்துவதும் அதே ஹார்ஃப்பஸ்தான். லுவாடெக் என்ற இன்னொரு டெக் இயந்திரம் இந்த வசதியை 2020 வாக்கில் பெற்றது.

பக்கத்தில் சரியாகத் தெரிந்த ‘கொடி’ பிடிஎஃப்புக்குள் என்னவாகிறது என்பது இன்னும் முக்கியம். அடோபி 1993இல் கொண்டுவந்து, 2008இல் ஐஎஸ்ஓ தரமான பிடிஎஃப், அடிப்படையில் இந்த வடிவத்தை இந்த இடத்தில் வரை என்று சொல்லும் பட்டியல். ஒற்றைக்கொம்பு, ககரம், கால், டி என்ற வரிசையில்தான் அதில் வடிவங்கள் இருக்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை இணைந்திருந்தாலும், அது தனித்தனியாகத்தான் சொல்லும். எனவே அந்தப் பக்கத்திலிருந்து சொல்லைப் படியெடுத்து ஒட்டினால், கொம்பு முன்னால் தனியே துண்டாகி ‘ெகாடி’ என்று வரும். தேடுபெட்டியில் ‘கொடி’ என்று தேடினால் கிடைக்காது. கண்பார்வையற்றவருக்குப் படித்துக்காட்டும் நிரல் அதைத் தவறாக உச்சரிக்கும். தமிழ்நாட்டில் வெளியாகும் எத்தனையோ ஆய்வேடுகளும் அரசு ஆவணங்களும் இப்படித்தான் கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்குச் சிதறலாகவும் கிடக்கின்றன. வரைந்த வடிவங்களோடு உண்மையான உரையையும் சேர்த்துவைக்கப் பிடிஎஃப்பில் இடமுண்டு. ஸீடெக்கில் அதற்கென ஓர் அமைப்பை இயக்கினால் போதும். ஆனால் இயல்பாக அது அணைந்தே இருக்கிறது. தமிழ் வார்ப்புரு செய்யும் எவரும் அதை இயக்கிவைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மேலே உள்ள குறிப்பில் ‘மூச்சடக்கி’ அழுத்தம் பெற்றிருந்தது. ஆங்கில வழக்கில் அது சாய்வெழுத்து. பான்டாக்கின் இயல்பான வார்ப்புருக்களும் அப்படியே செய்யும். தமிழ் அச்சுக்குச் சாய்வெழுத்து சொந்த வழக்கில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. வேர்டு எழுத்தைச் செயற்கையாகச் சாய்க்கும். ‘ழ’வும் ‘ஞ’வும் விழப்போவதுபோல் நிற்கும். ஸீடெக் சாய்வு கிடைக்காமல் நேரான எழுத்தையே போட்டுவிடும். எழுதியவர் கருதிய அழுத்தம் தடயமின்றி மறையும். தடித்த எழுத்தாகவோ சற்று இடைவெளி விட்ட எழுத்தாகவோ அச்சிடு என்று வார்ப்புருவில் ஒருமுறை சொல்லிவிடலாம். எழுதியவர் சொன்னது அழுத்தம் என்பதை மட்டும்தான். தமிழில் அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை வார்ப்புரு முடிவுசெய்யட்டும். குறியிட்ட உரையின் பலம் எனக்கு முழுதாகப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

வேர்டு வழியிலும் இதுபோன்ற ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதிப்பாசிரியருக்குத் திருத்த அனுப்ப வேர்டு கோப்புதான் வசதி. ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுத்தால் பான்டாக் அதன் பாணியையே பின்பற்றும். ஆனால் வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகளின் கூட்டத்தில் வைத்து, அதற்கு எழுத்துருவையும் அளவையும் தனியாகச் சேமிக்கிறது. மாதிரிக் கோப்பில் லத்தீன் எழுத்துக்கான அமைப்பை மட்டும் மாற்றினால் தமிழ் அசையாது. இரண்டையும் மாற்ற வேண்டும்.

கவிதைக்கும் தனி ஏற்பாடு தேவை. மார்க்டவுனில் அடுத்தடுத்த வரிகள் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். நான்கடி வெண்பாவை அப்படியே தட்டினால் அது உரைநடையாகி ஓடிவிடும். தனிச்சொல்லுக்கு முன் வரும் கோடுகூட ஏதோ இடைச்செருகல்போல் தெரியும். ஒவ்வோர் அடியின் முன்னும் ஒரு செங்குத்துக் கோடு இட்டால் பான்டாக் அடிகளைக் காக்கும், உள்தள்ளலையும் காக்கும். இலக்கியக் கட்டுரை எழுதுவோர் முதலில் கற்க வேண்டிய குறி இதுவே.

வரி நிரவலில் தமிழ் படும் பாடு அச்சுக்காரர்கள் அனைவரும் அறிந்தது. ஒட்டுகள் சேர்ந்து சேர்ந்து நீளும் நம் சொற்கள் குறுகிய பத்தியில் அடங்குவதில்லை. இடையிடையே ஆறுபோல் வெள்ளை ஓடும். சாதாரண எழுது மென்பொருள் வரி வரியாக முடிவெடுக்கிறது: இந்த வரியில் கொள்வதைக் கொள், மிஞ்சியதைக் கீழே தள்ளு. நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை, பத்தி முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறது. ஏழாம் வரி மோசமாக விரியாமல் இருக்க இரண்டாம் வரியில் சற்று நெருக்கலாம் என்று கணக்கிடுகிறது. டெக்கின் பக்கம் சீராகத் தெரிய இதுதான் காரணம். அதனோடு தமிழுக்கான சொல்முறிவு விதிகளும் டெக் தொகுப்பில் இருக்கின்றன. மொழி தமிழ் என்று கோப்பின் தலையில் சொன்னால்தான் அவை வேலை செய்யும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎஃப், நண்பருக்கு அனுப்பும் பிடிஎஃப்பைப் போன்றது அல்ல. டெமி அளவா கிரவுன் அளவா என்பதை முன்பே அச்சகத்தாரிடம் மில்லிமீட்டரில் கேட்டு வாங்க வேண்டும். அவர்கள் வெட்டிச் சீர்செய்த பின் வரும் அளவைச் சொல்கிறார்களா, வெட்டும் முன் அளவையா என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. தைக்கும் பக்கத்தில் உள்விளிம்பு கூடுதலாக வேண்டும். 300 பக்கத்தைத் தாண்டும் நூலில் இன்னும் கூடுதலாக. பாரம் 16 பக்கம் என்றால் மொத்தப் பக்கங்கள் அதன் மடங்காக முடிவது காகிதத்தை மிச்சப்படுத்தும். இரண்டு பக்கம் மிஞ்சினால் எழுத்தளவை மிகச் சிறிதளவு குறைத்து மறுபடி கட்டளையிட்டால் பொருளடக்கமும் பக்க எண்களும் தாமே மாறிவிடும். பேஜ்மேக்கர் காலத்தில் இது ஒரு நாள் வேலை. ஓரம்வரை ஓடும் படமோ வண்ணமோ இருந்தால் வெட்டுக்கென வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி வைக்க வேண்டும். உலாவி வழியாகப் பிடிஎஃப் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உலாவி தரும் கறுப்பு, திரைக்கான மூவண்ணக் கலவையில் சொன்ன கறுப்பு. வண்ண அச்சில் அது நான்கு மைகளாகப் பிரிந்துவிட்டால், பிளேட் மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்துகளின் ஓரம் மங்கும். டெக் எழுதும் கறுப்பு தனிக் கறுப்பு மை.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. படங்கள் உரையை வளைத்து ஓடும் இதழ்ப் பக்கம், குழந்தைகளுக்கான படநூல், கட்டங்களை இணைத்துப் பிரித்த பெரிய அட்டவணை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துக் கையால் வைப்பதே நல்லது. ஆய்வேடு, கட்டுரைத் தொகுப்பு, நாவல், பதிப்புரை, பாடநூல், ஊர் வரலாறு, கருத்தரங்க மலர் ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். குறிப்பாக அடிக்குறிப்பும் மேற்கோளும் நிறைந்த ஆய்வேட்டில், துணைநூற் பட்டியலைப் பான்டாக்கே ஒரு பாணியில் அடுக்கித் தரும். வேறு பல்கலைக்கழகம் வேறு பாணி கேட்டால் பாணிக் கோப்பை மட்டும் மாற்றலாம்.

கோப்பு எளிய உரையாக இருப்பதால் இன்னொரு நன்மையும் வருகிறது. இரண்டு பதிப்புகளுக்கு இடையே எந்தச் சொல் மாறியது என்பதை வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டக் கணினியால் முடியும். பாடவேறுபாட்டைப் பெரும் உழைப்பால் தொகுத்த பதிப்பாசிரியர்களின் மரபு நமக்கு உண்டு. இன்று எழுதும் நூலின் பாடவேறுபாடுகள் அந்த உழைப்பின்றியே பதிவாகிவிடும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று தட்டினால் ஒப்பீடு இன்னும் தெளிவாக இருக்கும். அச்சில் வரிகள் ஒட்டிக்கொள்வதால் வாசகருக்கு வேறுபாடு தெரியாது.

எதைச் சேமிப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. உரைக் கோப்பு, படங்கள், வார்ப்புரு, எழுத்துருக் கோப்பு, எந்த நிரலின் எந்தப் பதிப்பில் அச்சானது என்று இரண்டு வரிக் குறிப்பு. இவை ஒரே உறையில் இருக்க வேண்டும். எழுத்துருவின் உரிமம் அதைப் படியெடுத்து வைக்க இடம் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நோட்டோ, லோகித் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் அந்தக் கவலை இல்லை. நீண்ட காலச் சேமிப்புக்கெனப் பிடிஎஃப்/ஏ என்ற தரம் 2005இல் வந்தது. பயன்படுத்திய எழுத்துருக்கள் அனைத்தும் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அதன் கட்டாய விதிகளில் ஒன்று. 2012இல் வந்த அதன் மூன்றாம் பகுதி, வேறு எந்த வகைக் கோப்பையும் பிடிஎஃப்புக்குள் இணைத்து வைக்க அனுமதிக்கிறது. அதாவது அச்சான பக்கங்களோடு அவை பிறந்த எளிய உரையும் ஒரே கோப்புக்குள் பயணிக்கலாம். பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டை ஏற்கும்போதும், நூலகங்கள் மின்னூலைப் பெறும்போதும், பதிப்பகங்கள் ஆசிரியருக்கு இறுதிப் படியைத் திருப்பித் தரும்போதும் கேட்க வேண்டிய கோப்பு அதுதான். அதைக் கேட்பதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். விதிமுறையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.